கேமும் ஆடணும், காலேஜுக்கும் தூக்கிட்டுப் போகணும்: லேப்டாப் வாங்க ஒரு முழு வழிகாட்டி

2025 ஜூனில் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் இரண்டு போட்டோ அனுப்பினான். இரண்டு லேப்டாப். இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 என்று ஸ்டிக்கர்; கேமின் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டின் பெயர் அது. ஒன்று மற்றதைவிட ஒன்பதாயிரம் குறைவு. "மாமா, ரெண்டும் ஒரே கார்டுதானே, கம்மி விலையையே முடிச்சிடவா?" என்று கேட்டிருந்தான். கோவையில் இன்ஜினியரிங் சேர இருந்தான். பகலில் வகுப்பு, ராத்திரி வேலரன்ட் என்ற துப்பாக்கி கேம். கையில் 90 ஆயிரம் சொச்சம்.

"வாட் எவ்வளவு?" என்றேன்.

"என்ன வாட்?"

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் போனில் பேசினோம். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஸ்டிக்கரில் இருப்பதை எல்லோரும் பார்க்கிறோம். காசு வீணாவது ஸ்டிக்கரில் போடாத விஷயங்களில்தான்.

படி 1: ஒரு நாள் கணக்கை எழுதுங்கள்

ஒரு தாளில், நாளைக்கு எத்தனை மணி நேரம் எதற்கு என்று எழுதுங்கள். பிரவுசர், நோட்ஸ், யூடியூப், கோடிங் இவற்றுக்கு ஆறு மணி நேரம், கேமுக்கு இரண்டு மணி நேரம் என்று வந்தால், நீங்கள் வாங்கப்போவது கேமும் ஆடத் தெரிந்த ஒரு சாதாரண லேப்டாப். திரை, எடை, பேட்டரிக்கு அதில் முக்கால் பங்கு ஓட்டு.

எந்த கேம் என்பதையும் பெயர் போட்டு எழுதுங்கள். "எல்லா கேமும்" என்று எழுதினால் கடைக்காரருக்குத்தான் கொண்டாட்டம். வேலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 இவ்வளவுதான் என்றால் நடுத்தர கார்டே தாராளம். வேலரன்ட் மட்டும்தான் என்றால், ரேடியான் 780எம் போன்ற நல்ல உள்ளமை கிராஃபிக்ஸ் (பிராசஸருக்குள்ளேயே இருப்பது) உள்ள லேப்டாப்பே போதும். தனி கார்டே தேவையில்லை. கதை கேம்கள், புதுசாக வருபவை என்றால் கணக்கு மாறும். 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் குறைந்தபட்சமே 8 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரியும் ரே ட்ரேசிங் (ஒளி விழும் விதத்தைக் கணக்கிட்டு வரைவது) செய்யும் கார்டும் கேட்டது.

இன்னொன்று. லேப்டாப் வீட்டு மேசையை விட்டு நகரப்போவதே இல்லை என்றால், அதே காசுக்கு டெஸ்க்டாப் நன்றாக ஓடும், பிறகு பாகம் மாற்றவும் முடியும். மேக்புக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: வேலரன்ட் மேக்கில் ஓடாது.

படி 2: பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்

90 ஆயிரம் இருந்தால் 80-ஐச் சுற்றித் தேடுங்கள். மவுஸ், பை, கேம்களைச் சேமிக்க இரண்டாவது எஸ்எஸ்டி, வாரண்டி நீட்டிப்பு எல்லாம் பின்னாலேயே வரும். அவன் தேடிய 2025 நடுவில், 4050 கார்டு உள்ளவை 75 முதல் 85 ஆயிரம் வரை கிடைத்தன. 4060, 5060 லட்சத்தை ஒட்டியும் தாண்டியும் நின்றன. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப் விலை தாறுமாறாக ஏறியதில் இந்தக் கணக்கெல்லாம் ஆட்டம் கண்டுவிட்டது. வாங்கும் வாரத்து விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கார்டின் பெயரைப் படித்தபின் வாட்டைத் தேடுங்கள்

இதுதான் போனில் பாதி நேரத்தைத் தின்றது.

லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் செய்யும் கம்பெனியே முடிவு செய்கிறது. இந்த கார்டுகளைச் செய்யும் என்விடியா, 4060-க்கு 35 முதல் 115 வாட் வரை இடம் கொடுத்திருக்கிறது. அதற்கு மேல் டைனமிக் பூஸ்ட் என்று 25 வாட் சேர்ந்து 140 வரை போகலாம். மெல்லிசான லேப்டாப்பில் சூட்டை வெளியே தள்ள இடமில்லாததால் 60 வாட்டோடு நிறுத்திவிடுவார்கள். தடிமனானதில் முழுசாக விடுவார்கள். ஸ்டிக்கர் மட்டும் இரண்டிலும் ஒன்றே. ஒரே பம்பு செட்டுதான், ஒன்றில் அரை இன்ச் குழாய், இன்னொன்றில் ஒரு இன்ச் குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு மேக்ஸ்-கியூ என்ற பெயரைப் பார்த்தே குறைந்த வாட் கார்டு என்று அடையாளம் கண்டுவிடலாம். 2021-இல் அந்த வழக்கம் போய், வாட் எண்ணைத் தயாரிப்பாளர்களே வெளியிட வேண்டும் என்று ஆனது. அதனால் கம்பெனியின் சொந்த இணையதளத்தில், முழு ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் டிஜிபி (கார்டுக்குப் போகும் மொத்த வாட்) என்ற எழுத்துகளைத் தேடுங்கள். விற்பனைத் தளங்களில் பெரும்பாலும் அதைக் காணோம். அக்கா மகன் காட்டிய மலிவு லேப்டாப்பில் தேடியதில் 65 வாட் என்று வந்தது.

அதற்காக 140-ஐப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 4050, 4060 இரண்டும் 100 வாட்டைத் தாண்டியபின் பெரிதாக வேகம் கூட்டுவதில்லை. 60-க்கும் 100-க்கும் நடுவில்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். முழு வாட் 4050, பட்டினி போட்ட 4060-ஐ எட்டிப் பிடிப்பதும் உண்டு.

அடுத்தது கார்டின் சொந்த மெமரி. 3050-இல் 4 அல்லது 6 ஜிபி, 4050-இல் 6, 4060-இல் 8. 2025-இல் வந்த வரிசையில் 5050, 5060, 5070 மூன்றிலுமே 8 ஜிபிதான். 12 வேண்டுமானால் 5070 டிஐ வரை ஏற வேண்டும். இன்று 4 ஜிபி கார்டை வாங்காதீர்கள், விலை எவ்வளவு ஆசை காட்டினாலும். மெமரி போதாவிட்டால் படம் கொஞ்சம் மங்குவதோடு போகாது. கேம் திக்கித் திணறும், சில கேம் திறக்கவே திறக்காது. ஆன்லைன் கேம் மட்டும் ஆடுபவருக்கு 6 ஜிபி ஓடும். நான்கு வருஷம் ஓட்ட நினைப்பவர் 8-க்கு முயற்சி செய்யலாம்.

மக்ஸ் சுவிட்ச் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சாதாரணமாக கார்டு வரைந்த படம் உள்ளமை கிராஃபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். இந்த சுவிட்ச் இருந்தால் நேராக வரும். வேகமான துப்பாக்கி கேம்களில் இதன் பலன் நன்றாகத் தெரியும்.

படி 4: பிராசஸர், சீக்கிரம் முடித்துவிடலாம்

பெரும்பாலான கேம்களில் கார்டுதான் முதலில் மூச்சு வாங்கும், பிராசஸர் இல்லை. இன்டெல் என்றால் எண்ணின் கடைசியில் எச் அல்லது எச்எக்ஸ் இருக்கட்டும். யு என்று முடிந்தால் அது மின்சாரம் மிச்சம் பிடிக்கும் வகை. ஏஎம்டியின் ரைசனில் ஒரு தந்திரம் உண்டு. 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்று சொல்லும். 7840எச்எஸ்-இல் 4 என்பது ஜென் 4 என்ற தலைமுறை. 7735எச்எஸ்-இல் 3; அது முந்தைய தலைமுறைக்குப் புதுப் பெயர். ஓடாது என்று சொல்லவில்லை, புது விலை கொடுக்காதீர்கள் என்கிறேன். ஐ5-இலிருந்து ஐ7-க்குத் தாவும் காசை கார்டிலோ திரையிலோ போடுங்கள்.

படி 5: ரேம் எத்தனை, எத்தனை குச்சி

16 ஜிபி. இதில் பேரம் வேண்டாம். குரோமில் இருபது டேப், டிஸ்கார்ட், பின்னால் ஒரு கேம் என்றால் 8 ஜிபி எப்போதோ நிரம்பிவிடும்.

அடுத்து, அந்த 16 ஒரே குச்சியா (ரேம் பலகையைத்தான் சொல்கிறேன்), 8-8 ஆக இரண்டா? ஒரே குச்சி என்றால் மெமரிக்குப் போகும் பாதையில் பாதி அடைபட்டுக் கிடக்கும். தனி கார்டு உள்ள லேப்டாப்பில் இழப்பு கொஞ்சம்தான். உள்ளமை கிராஃபிக்ஸில் ஆடுபவருக்கு அடி பலமாக விழும். அவர்கள் கண்டிப்பாக இரண்டு குச்சியாகப் பார்க்க வேண்டும். கடையில் இருக்கும் டெமோ பீஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் சொடுக்கினால், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று அதுவே சொல்லும். பத்து வினாடி வேலை.

சில மெல்லிய மாடல்களில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். எல்பிடிடிஆர் என்று தொடங்கும் ரேம் பெரும்பாலும் அப்படித்தான், பிறகு ஏற்ற முடியாது. "இப்போ 8 வாங்கு, அப்புறம் ஏத்திக்கலாம்" என்று நானே பல பேருக்கு யோசனை சொன்னவன். ரேம் விலை ஏறிய பிறகு அந்த யோசனையை வாபஸ் வாங்கிக்கொண்டேன். லேப்டாப்போடு வரும் 16-தான் இப்போது லாபம்.

எஸ்எஸ்டி 512 ஜிபி வரும். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றுக்கே 150 ஜிபி வேண்டும் என்பதை வைத்து மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே எஸ்எஸ்டி செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

படி 6: திரை, நான் ஏமாந்த இடம்

சில வருஷம் முன்பு ஆன்லைனில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கினேன். கார்டு பார்த்தேன், ரேம் பார்த்தேன், திரை வினாடிக்கு 144 தரம் படம் மாற்றும் என்ற 144 ஹெர்ட்ஸ் பார்த்தேன். வந்த மாதமே தங்கை கல்யாணம். ஆல்பத்துக்குப் படங்களை அதில்தான் திருத்தினேன். முகூர்த்தப் புடவை நல்ல அரக்கு. திரையில் வெளுத்த செங்கல் மாதிரி தெரிந்தது. சரி, கேமராவில் ஏதோ கோளாறு என்று நினைத்து நிறத்தை ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன். பிரிண்ட் வந்தபோது புடவை தீப்பிடித்த மாதிரி இருந்தது, மாப்பிள்ளை முகம் மஞ்சள் காமாலை. கேமராவில் ஒரு குறையும் இல்லை. திரையின் விவரத்தில் பொடி எழுத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்ததை நான்தான் படிக்கவில்லை.

அந்த எண்ணின் அர்த்தம் இது. வழக்கமாகப் படங்களும் இணையமும் பயன்படுத்தும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் அந்தத் திரை ஏறக்குறைய 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் காட்டும். வாங்கும்போது 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று தேடுங்கள். 72 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதேதான். 80 ஆயிரத்துக்கு விற்கும் லேப்டாப்பில்கூட இன்னும் 45 சதவீதத் திரையைப் போடுகிறார்கள். திரையை 24 மணி நேரமும் பார்க்கப்போவது நாம்தான், கார்டை யாரும் பார்ப்பதில்லை.

வெளிச்சம் 300 நிட்ஸாவது வேண்டும். 250 என்றால், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கோடைப் பகலில் உங்கள் முகம்தான் தெரியும். பேனல் ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். பழைய மலிவு மாடல்களில் டிஎன் பேனல் வரும். பெயரைப் பார்த்து ஊர்ப்பாசம் கொள்ள வேண்டாம், கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் ஓடிவிடும். ஓஎல்இடி பார்க்க அருமை, ஆனால் டாஸ்க்பார் மாதிரி அசையாத படம் வருஷக்கணக்கில் அதே இடத்தில் நின்றால் தழும்பு விழும் ஆபத்து உண்டு.

144 ஹெர்ட்ஸ் போதும். 240-க்கு ஆசைப்படும் முன், உங்கள் கார்டு அந்த கேமில் 240 ஃபிரேம் தள்ளுமா என்று பாருங்கள். உயரம் கூடிய 16:10 திரை கிடைத்தால் அதை எடுங்கள். கோடிங்கிலும் வேர்டிலும் கூடுதலாக நாலு வரி தெரியும்.

கடைக்குப் போகும்போது போனில் ஒரு பட்டுப்புடவை படம் எடுத்துச் செல்லுங்கள். அதை டெமோ லேப்டாப்பில் திறந்து, போனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த எண்ணும் தெரிய வேண்டாம்.

படி 7: சூடு, சத்தம், சுமை

பல லேப்டாப்புகளின் கையேட்டில், 35 டிகிரி வரையிலான அறையில் பயன்படுத்தவும் என்று இருக்கும். மே மாதம் நம் ஊர் மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழேயே 35 டிகிரிக்கு மேல் அடிக்கும். மதிப்புரை வீடியோக்கள் பல ஏசி அறையில் எடுத்தவை. அவர்கள் 85 டிகிரி காட்டினால், உங்கள் வீட்டில் அதற்கு மேல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சூடு எல்லையைத் தொட்டதும் லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; இருபதாவது நிமிஷம் கேம் தடுமாறுவது அதனால்தான். மதிப்புரையில் முதல் ஐந்து நிமிஷத்தை விட்டு, அரை மணி நேரம் ஆடிக் காட்டியதைத் தேடுங்கள்.

காற்று கீழிருந்து இழுக்கப்படுவதால் மெத்தையில் வைத்து ஆடவே கூடாது. பின்பக்கம் ஒரு சின்னப் புத்தகத்தை முட்டுக் கொடுத்தாலே சில டிகிரி இறங்கும். ஆயிரம் ரூபாய் கூலிங் பேட் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எடையில் எல்லோரும் மறப்பது சார்ஜர். லேப்டாப் 2.3 கிலோ என்று போட்டிருப்பார்கள். செங்கல் சைஸ் அடாப்டரையும் சேர்த்தால் மூன்று கிலோவை ஒட்டிவிடும். அதைத் தோளில் மாட்டி, நெரிசல் நேரத்து பஸ்ஸில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அரை கிலோவின் அருமை தெரியும். டைப்-சி வழியாக 100 வாட்டில் சார்ஜ் ஏறும் மாடலாக இருந்தால், காலேஜுக்குச் சின்ன சார்ஜரை எடுத்துப் போகலாம், பெரியதை அறையிலேயே விட்டுவிடலாம்.

படி 8: பேட்டரியைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்

"10 மணி நேரம் வரை" என்ற விளம்பரத்தை விடுங்கள். பேட்டரியின் வாட்-அவர் எண்ணை எடுத்து, லேப்டாப் குடிக்கும் வாட்டால் வகுங்கள். 60 வாட்-அவர் பேட்டரி, பிரவுசரும் வேர்டுமாக 12 வாட் குடித்தால் ஐந்து மணி நேரம். கிராஃபிக்ஸ் கார்டு தூங்காமல் விழித்துக்கொண்டிருந்தால் 25 வாட் போகும், இரண்டரை மணி நேரம்கூட வராது. ஆகவே வகுப்புக்குப் போகும்போது ஹைப்ரிட் மோடில் (தேவையில்லாதபோது கார்டைத் தூங்கவிடும் அமைப்பு) வையுங்கள், திரையை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள்.

பேட்டரியில் கேம் ஆடலாமா என்றால், ஆடலாம், மனசு கஷ்டப்படும். கார்டு கேட்கும் மின்சாரத்தை பேட்டரியால் கொடுக்க முடியாது, வேகம் பாதியாகிவிடும். இது பழுது இல்லை, இயல்பு. இதைத் தெரியாமல் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

படி 9: வாங்கும் நாள்

மாடல் எண்ணை முழுசாக, கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் நாலு வகை வரும். திரையும் வாட்டும் அதில்தான் மாறும். "அதே மாடல்தான் சார், கலர்தான் வேற" என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எனக்குச் சொல்லப்பட்ட ஒன்றில் ரேம் வகையே வேறாக இருந்தது.

விலையில் கடையும் ஆன்லைனும் மாறி மாறி ஜெயிக்கும். ஜூன், ஜூலையில் கல்லூரிச் சலுகை, தீபாவளிக்கு முன் ஆன்லைன் திருவிழா. வங்கிக் கார்டு தள்ளுபடியைக் கழித்தபின் வரும் தொகையைக் கடையில் காட்டிக் கேளுங்கள், கொஞ்சமாவது இறங்குவார்கள். வீட்டில் யாருக்காவது ஜிஎஸ்டி எண் இருந்து தொழிலுக்காகவே வாங்குவதானால், 18 சதவீத வரியில் கழிவு எடுக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் இல்லாமல் வரும் மாடல் மலிவாகத் தெரிந்தால், விண்டோஸின் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா? சென்னை, கோவையில் கவலையில்லை. சின்ன ஊர் என்றால் வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆன்சைட் வாரண்டி உள்ளதை எடுங்கள். ரேம், எஸ்எஸ்டி நாமே போட்டால் வாரண்டி என்னாகும் என்பதையும் அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

படி 10: முதல் வாரம்

பெட்டியைப் பிரிக்கும் முன்பே போனில் வீடியோ ஓடட்டும், சீல் முதல் சீரியல் எண் வரை. பிறகு வரிசையாக:

திரையை முழுக் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி, இருட்டறையில் நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி இருக்கிறதா என்று தேடுங்கள். எல்லா விசையையும் ஒரு தரம் தட்டுங்கள். வைஃபை, கேமரா, இரண்டு ஸ்பீக்கர், ஒவ்வொரு யுஎஸ்பி துளை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் கார்டின் வாட் எண் இருக்கும்; சொன்னதும் வந்ததும் ஒன்றா என்று அங்கே பாருங்கள். கம்பெனி தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். கடையில் மாதக்கணக்கில் கிடந்த பீஸ் என்றால் பில் தேதிக்கு முன்பே தொடங்கியிருக்கும். பில்லை அனுப்பித் திருத்திக்கொள்ளலாம். கடைசியாக ஒரு மணி நேரம் விடாமல் கேம் ஆடுங்கள். அதை மட்டும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெரும்பாலும் சார்ஜரிலேயே இருக்கும் என்றால், கம்பெனி கொடுத்த செயலியில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள். பேட்டரி ஆயுள் கூடும்.

அக்கா மகன் கடைசியில் இரண்டு 4060-யையும் விட்டுவிட்டு, முழு வாட் 4050, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி திரை, 16 ஜிபி ரேம் உள்ள ஒன்றை வாங்கினான். மிச்சக் காசில் ஒரு எஸ்எஸ்டியும் மவுஸும். அக்காதான் மூன்றாம் நாளே அந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடப் பார்த்தாள். ரிட்டர்ன் தேதி முடியும்வரை அது தெர்மோகோலோடு பரணில் இருக்கட்டும் என்று சொல்லித் தடுத்தேன்.